கடல் தெரியும் ஃபிளாட்: குடியிருக்கவா, வாடகைக்கா?

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் கடலோரமாக ஃபிளாட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில் ரெண்டு காரணம் சொல்வார்கள்: ரிட்டயர் ஆனதும் நாமே போய் இருக்கலாம், அதுவரை வாடகை வரும். இந்த ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல், கடலுக்கு மட்டும் எவ்வளவு கொடுக்கிறோம் என்று முதலில் பாருங்கள்.

கொட்டிவாக்கத்திலோ நீலாங்கரையிலோ கடல் பக்கம் ஒரு வீடு பிடித்துவிட்டதா? அதே சதுர அடி, அதே வயசுக் கட்டடம், ஆனால் ஈசிஆருக்கு மேற்கே இருக்கிற ஒரு வீட்டின் விலையையும் வாடகையையும் விசாரியுங்கள். உதாரணத்துக்கு, கடல் பக்கம் 1.50 கோடி, வாடகை 35,000, மேற்கே 1.10 கோடி, வாடகை 30,000 என்று வைத்துக்கொள்வோம். கடலின் விலை 40 லட்சம். 8.5% வட்டி போட்டால் வருஷத்துக்கு 3.40 லட்சம், அதாவது மாசம் 28,000 சொச்சம். நீங்களே குடியிருந்து தினமும் காலையில் மணலில் நடக்கப்போகிறீர்கள் என்றால் அது தகும் என்றுதான் நான் சொல்வேன். வாடகைக்கு விட்டாலோ கூடுதலாக வருவது 5,000தான், மிச்சம் 23,000 உங்கள் கைக்காசு, ஆனால் கடலைப் பார்ப்பவர் குடித்தனக்காரர்! மாசம் ஒரு வார இறுதிக்கு மட்டும் போவேன் என்பவர்கள் பேசாமல் கோவளத்தில் ரூம் போட்டுக்கொள்ளலாம்.

பக்கத்து ஐடி சாலையான ஓஎம்ஆரில் வேலை பார்க்கிறவர் வீடு தேடும்போது ஆபீஸ் தூரம், தண்ணீர், கார் பார்க்கிங், பிள்ளைகளின் ஸ்கூல் இதைத்தான் பார்க்கிறார். கடல் தெரிந்தால் சந்தோஷம், அதற்காக வாடகையை அள்ளிக் கொடுக்க மாட்டார்.

சரி, அந்தக் கடல் பக்க வீட்டின் மொத்தக் கணக்கு. வருஷத்தில் ஒரு மாசம் வீடு காலி என்று வைத்தால் வாடகை 3.85 லட்சம். சொத்து வரி, பெயின்ட், ரிப்பேர் என்று 60,000 எடுத்தால் 3.25 லட்சம். பழைய ஃபிளாட் என்றால் முத்திரைத்தாள், பதிவு எல்லாம் சேர்த்து 9%, ஆக முதலீடு 1.63 கோடியைத் தாண்டும். கிடைப்பது வெறும் 2%. எஃப்டியே இதைவிட மேல்.

அந்த ரிப்பேர் தொகையைக் குறைத்துப் போட்டுவிடாதீர்கள், உப்புக்காற்று யாரையும் விடாது. வீடு பார்க்கப் போகும்போது ஹாலை ரசித்தது போதும், பால்கனி கிரில், ஏசியின் வெளி யூனிட், மொட்டை மாடித் தண்ணீர் டேங்கின் அடிப்பகுதி, படிக்கட்டுக் கூரை இதையெல்லாம் பாருங்கள். கம்பி துருப்பிடித்து உப்பி கான்கிரீட் பெயர்ந்திருந்தால், அந்தச் செலவில் உங்கள் பங்கும் சீக்கிரமே வரும். அப்புறம் போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், லாரி வாரத்துக்கு எத்தனை வருகிறது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள்.

நாள் வாடகைக்கு விட்டு ஈடுகட்டலாம் என்ற யோசனை இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே அசோசியேஷன் விதிகளை வாங்கிப் படியுங்கள்.

கடைசியாக ஒன்று. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை உள்ள இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வரும், அந்த விதிகள் 1991இல் இருந்தே உண்டு. அதற்குப் பிறகு கட்டியது என்றால் வில்லங்கச் சான்றோடு கடலோர மண்டல அனுமதியையும் கேளுங்கள். "இங்கே எல்லாரும் அப்படித்தான் சார் கட்டியிருக்காங்க" என்று பதில் வந்தால் வாடகைக் கணக்கே போட வேண்டாம், அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுங்கள்.