கரண்ட் போய் வந்தால் உங்கள் ராஸ்பெர்ரி பையின் பின் (pin) எந்த நிலையில் நிற்கும்?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடி டேங்க் நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கிற மாதிரி ராஸ்பெர்ரி பை 4 என்கிற கையடக்கக் கணினி போர்டு ஒன்றை வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் விடிகாலையில் போன். "டேய், கரண்ட் வரும்போதெல்லாம் மோட்டார் ஒரு உலுக்கு உலுக்கிட்டு நிக்குதுடா." நிரலை இரண்டு முறை படித்தும் ஒன்றும் தட்டுப்படவில்லை. மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் ரிலேக்கு (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) போர்டின் ஒரு பின், அதாவது ஊசி, வழியாகத்தான் கட்டளை போகிறது. நிரல் அந்தப் பின்னைக் கையில் எடுக்கிற நொடியில் பின் என்ன நிலையில் இருக்கும் என்று நான் யோசிக்காமல் விட்டதுதான் காரணம் என்று அப்புறம் புரிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மணி நேரத்துக்குள் நாலு தடவை கரண்ட் போய் வருகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. அதனால் எந்தப் பின்னையும் தொடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: யாரும் கட்டளை கொடுக்காத நேரத்தில் இது 0 ஆ (0 வோல்ட்), 1 ஆ (3.3 வோல்ட்)?

பை 4-இல் இதற்குப் பதில் இருக்கிறது. பூட் ஆகும்போது எல்லா ஜிபிஐஓ (GPIO, நிரலால் இயக்கக்கூடிய) பின்களும் உள்ளீடாகத்தான் இருக்கும். ஆனால் 0 முதல் 8 வரை உள்ளவை உள்ளே இருக்கும் புல்-அப் (பின்னை 1 பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) மூலம் 1 பக்கமும், 9 முதல் 27 வரை உள்ளவை 0 பக்கமும் இழுக்கப்பட்டிருக்கும். கடையில் கிடைக்கிற ரிலே போர்டுகளில் பல 0 கொடுத்தால் ஆன் ஆகிறவை. அப்படிப்பட்ட ரிலேயை ஜிபிஐஓ 17-இல் மாட்டியது என் தவறு. இப்போது ஜிபிஐஓ 5-இல் இருக்கிறது, அதாவது 40 பின் வரிசையில் 29-வது. ஜிபிஐஓ எண் வேறு, வரிசை எண் வேறு, இதைக் குழப்பிக்கொண்டு 5 வோல்ட் பின்னில் ஒயரைச் செருகினால் போர்டே போய்விடும். இந்தப் பின்கள் 3.3 வோல்ட்டை மட்டும்தான் தாங்கும்.

ரிலேயிலும் ஒரு சிக்கல் உண்டு. 5 வோல்ட்டில் ஓடுகிற ரிலே போர்டுக்கு 3.3 வோல்ட் '1' கொடுத்தாலும் மிச்சம் 1.7 வோல்ட் நிற்கும், சில போர்டுகளில் அதனால் ரிலே முழுசாக விடாது. ஜேடி-விசிசி (JD-VCC, ரிலே சுருளுக்கான பவர் முனை) ஜம்பர் உள்ள போர்டு என்றால் ஜம்பரைக் கழற்றிவிட்டு, விசிசிக்கு (VCC, சிக்னல் பக்கம்) 3.3 வோல்ட்டும் ஜேடி-விசிசிக்கு 5 வோல்ட்டும் தனித்தனியாகக் கொடுங்கள். அப்புறம், அந்தச் சின்ன ரிலேயில் நேராக மோட்டாரைக் கட்ட வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ரிலே கான்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) இழுக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இழுக்கட்டும். 230 வோல்ட் பக்கத்து வேலையை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.

இப்போது பையில் ஓடும் லினக்ஸ் பக்கம். இணையத்தில் பழைய குறிப்புகளில் சிஸ்எஃப்எஸ் (sysfs) வழி என்று ஒன்று இருக்கும்: ஒரு கோப்பில் பின் எண்ணை எழுதி, இன்னொன்றில் 'அவுட்' (out) என்று எழுதுவது. லினக்ஸின் மையமான கெர்னல் 4.8 வந்த 2016-லேயே அதற்கு மாற்று வந்துவிட்டது. என் மோட்டாரை உலுக்கியதும் அந்தப் பழைய சிஸ்எஃப்எஸ் வழிதான். 'அவுட்' என்று எழுதியதும் பின் முதலில் 0 ஆகிறது, அடுத்த வரி 1 எழுதுவதற்குள் ரிலே டக்கென்று இழுத்துவிடுகிறது. பழைய நிரலை முழுசாக மாற்ற முடியாதவர்கள் 'அவுட்'டுக்குப் பதில் 'ஹை' (high) என்று எழுதுங்கள், பின் 1-ஆகவே வெளியீடாகும்.

புதிதாகச் செய்பவர்கள் அந்த மாற்று வழிக்கான ஜிபிஐஓடி (gpiod) தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். ஜிபிஐஓஇன்ஃபோ (gpioinfo) என்று அடித்தால் ஒவ்வொரு பின்னும் யார் கையில் இருக்கிறது என்று காட்டும். வேறு டிரைவர் பிடித்து வைத்திருக்கும் பின் உங்களுக்குக் கிடைக்காது. ஜிபிஐஓசெட் (gpioset) கட்டளையில் சிப் பெயரும் (பின்களை ஆளும் சிப்புக்கு லினக்ஸ் வைத்த பெயர்) 5=1 என்பதும் சேர்ந்தே போவதால் பின் திறக்கும்போதே 1-இல் திறக்கும். டெபியன் (பையின் இயங்குதளத்துக்கு அடிப்படையான லினக்ஸ்) 12-இல் இருக்கும் 1.6 பதிப்பில் சிப் பெயரை நேராக எழுதலாம், டெபியன் 13-இல் வரும் 2-வது பதிப்பில் அதற்கு முன்னால் மைனஸ் சி (-c) போட வேண்டும். கட்டளை முடிந்த பிறகும் பின் அதே நிலையில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஆகவே பின்னைப் பிடித்துக்கொண்டே ஓடுகிற ஒரு சர்வீஸாக எழுதுங்கள். பூட் ஆகும்போது பை படிக்கிற கான்ஃபிக் (config.txt) கோப்பிலும் ஜிபிஐஓ 5-ஐ வெளியீடு, 1 என்று ஒரு வரி போட்டு வைக்கலாம். ஆனால் பவர் வந்து சில நொடி கழித்துத்தான் அது வேலைக்கு வரும், அதுவரை காப்பது மேலே சொன்ன புல்-அப்தான்.

உள்ளீட்டுக்கும் அதே கேள்விதான், ஒயர் அறுந்தால் என்ன ஆகும்? மிதவை சுவிட்சின் ஒரு ஒயர் ஜிபிஐஓ 6-க்கு (31-வது), இன்னொன்று கிரவுண்டுக்கு (30-வது). டேங்க் நிரம்பாதவரை சுவிட்ச் மூடியிருக்க வேண்டும், அப்போது 0. நிரம்பினால் திறந்து 1. எலி ஒயரைக் கடித்தாலும் 1 தான் வரும், மோட்டார் நிற்கும். சுவிட்ச் தலைகீழாக வேலை செய்தால், பல சின்ன மிதவைகளில் மிதவையைக் கழற்றித் திருப்பிப் போட்டாலே சரியாகிவிடும். மாடியிலிருந்து 20 மீட்டர் ஒயர் இறங்குகிறது என்றால் உள்ளே இருக்கும் 50 கிலோ ஓம் அளவிலான புல்-அப் போதாது. மோட்டார் கிளம்பும்போதெல்லாம் பொய்யாக 1 காட்டும். பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பின்னுக்கு வரும் ஒயரில் தொடராக 1 கிலோ ஓம் ஒன்று. தண்ணீர் அலையும்போது சுவிட்ச் துடிக்கும், அதனால் இரண்டு நொடி தொடர்ந்து 1 வந்தால்தான் நிரம்பியது என்று நிரல் நம்பட்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. செருகு ஒயர்களை நம்பாதீர்கள். ஆறு மாதம் கழித்து டப்பாவைத் திறந்தபோது ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறி, கிரவுண்ட் ஒயர் தொட்டால் ஆடியது. இப்போது எல்லாம் சால்டர் வைத்து, ஸ்க்ரூ டெர்மினலுக்கு மாற்றிவிட்டேன்.

எல்லாம் மாட்டிய பின், மோட்டார் பக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, போர்டின் பவரைப் பத்து முறை பிடுங்கிப் பிடுங்கிச் செருகுங்கள். ஒரு தடவைகூட ரிலே சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் மோட்டாரை இணைக்காதீர்கள், பின்னை மாற்றிவிட்டு மறுபடி பத்து முறை.