வேலையை விட்டுப் போகச் சொல்கிறார்களா? வக்கீலைப் பார்க்கும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

தனியார் கம்பெனியில் ஒருவரை வெளியே அனுப்ப முடிவெடுத்துவிட்டால், டிஸ்மிஸ் ஆர்டர் கையில் கொடுப்பது அபூர்வம். அவரே எழுதிக்கொடுத்த ராஜினாமா கடிதத்தைத்தான் கேட்பார்கள். அதனால் இந்த விளக்கத்தில் வக்கீல் நான்காவது படியில்தான் வருகிறார். முதல் மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன; வழக்கின் பலமும் அங்கேதான் இருக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கானது.

படி 1: ‘பேப்பர்’ போடாதீர்கள்

திடீரென்று மீட்டிங் ரூமுக்குக் கூப்பிடுவார்கள். ஹெச்.ஆர். ஒருவர், உங்கள் மேனேஜர், மேஜைமேல் திறந்த லேப்டாப். “நீங்களாவே பேப்பர் போட்டுட்டா நல்ல எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தர்றோம். இல்லன்னா டெர்மினேஷன்தான்” என்பார்கள். அந்த நிமிடத்தில் நீங்கள் அனுப்பும் ஒற்றை வரி மெயில் உங்கள் வழக்கில் பாதியைத் தின்றுவிடும். ராஜினாமா செய்தவரைச் சட்டம் பணிநீக்கம் செய்யப்பட்டவராகப் பார்க்காது. கட்டாயத்தால் எழுதினேன் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலைமேல் வந்துவிடும்.

“யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுந்து வந்துவிடுங்கள். அன்று மாலையே சொந்த மெயிலிலிருந்து ஹெச்.ஆருக்கு இப்படி எழுதலாம்: “இன்று பகல் 3 மணிக்கு நடந்த கூட்டத்தில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. வழக்கம்போல் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்.” இவ்வளவு போதும். கோபம், வசவு, பழைய கதை எதுவும் வேண்டாம். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? அதே நாளில், முடியாவிட்டால் மறுநாளே, மிரட்டலின் பேரில் கொடுத்தது என்றும் அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

படி 2: காகிதங்களைச் சேருங்கள்

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பே ஸ்லிப், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். பாஸ்புக், அடையாள அட்டை, அப்ரைசல் கடிதங்கள். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. அவை இருக்கும் போனையும் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் வாடிக்கையாளர் தகவல், சோர்ஸ் கோடு போன்ற கம்பெனி ரகசியங்களை உங்கள் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். அதையே குற்றச்சாட்டாக்கி மெமோ கொடுக்க வழி ஏற்படும்.

படி 3: எந்த வாசலுக்குப் போவது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பணிநீக்கத் தகராறு தொழில் உறவுகள் தொகுப்பின்கீழ் வருகிறது. இது ‘தொழிலாளி’க்கு உரிய சட்டம். விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று போட்டிருப்பதால் மட்டும் நீங்கள் மேனேஜர் ஆகிவிட மாட்டீர்கள். அன்றாடம் உண்மையில் செய்த வேலை என்ன என்பதுதான் கணக்கு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் சிவில் நீதிமன்றம்தான் வழி என்பதால் வக்கீலை ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஐ.டி. துறைக்குத் தொழிலாளர் சட்டமே கிடையாது என்ற பேச்சை நம்பாதீர்கள். விலக்கு எதுவும் இல்லை என்று தமிழக அரசே 2016-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

தொழிலாளி என்றால், உங்கள் பகுதியின் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். வங்கி, காப்பீடு, துறைமுகம் போன்றவற்றில் இருப்பவர்கள் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அது சாஸ்திரி பவனில் இருக்கிறது. மனுவை இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி மிக முக்கியம். அதிலிருந்து 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேராகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மொத்தக் காலக்கெடு வேலை போன நாளிலிருந்து 2 ஆண்டு. பழைய சட்டத்தில் 3 ஆண்டு இருந்தது. பழைய கணக்கை நம்பிக் காத்திருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

படி 4: வக்கீல்

சமரசப் பேச்சில் உங்களுக்காக வக்கீல் ஆஜராக முடியாது. நீங்களோ தொழிற்சங்க நிர்வாகியோதான் பேச வேண்டும். ஆனாலும் மனுவை எழுதும்போதே ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது. மனுவில் எழுதியதும் பிறகு தீர்ப்பாயத்தில் சொல்வதும் மாறுபட்டால், கம்பெனித் தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். தீர்ப்பாயத்தில் வக்கீல் வைக்க எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் தேவை. கம்பெனியும் வக்கீல் வைக்கவே விரும்பும் என்பதால் இது பெரும்பாலும் தடையாவதில்லை.

சொந்தக்காரர், நல்லவர் என்பதற்காக நிலத் தகராறு பார்க்கும் வக்கீலிடம் போகாதீர்கள். தொழிலாளர் வழக்குகளை வழக்கமாக நடத்துபவர் யார் என்று தொழிற்சங்கத்தில் விசாரியுங்கள். கம்பெனிகளுக்காக மட்டுமே ஆஜராகிறவரா என்பதையும் கேட்டுவிடுங்கள். முதல் சந்திப்புக்குத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதிய குறிப்போடு போனால் நேரம் மிச்சம். அங்கே கேட்க வேண்டியவை: குறுக்கு விசாரணையை நீங்களே செய்வீர்களா, ஜூனியரா? கட்டணம் மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா? ஹைகோர்ட் வரை போனால் அது தனியா? “ஜெயித்தால் வரும் பணத்தில் இத்தனை சதவீதம்” என்று பேரம் பேசுகிறவரிடமிருந்து விலகிவிடுங்கள். பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது. பிடிக்காமல் வக்கீலை மாற்றினால், ஃபீஸ் பாக்கி என்று சொல்லி அவர் உங்கள் வழக்குக் கட்டைத் தராமல் நிறுத்திவைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2000-ல் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது.

பணம் இல்லையே என்று வழக்கைக் கைவிட வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி தொழிலாளிகள், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். 15100 எண்ணிலும் பேசலாம்.

படி 5: வர வேண்டிய பணம்

வழக்கு நடப்பதால் பாக்கியை விட்டுவிட வேண்டியதில்லை. வேலை முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும் என்கிறது, அந்த நான்கில் ஒன்றான ஊதியத் தொகுப்பு. ஐந்து ஆண்டு பணி முடித்தவருக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்குங்கள். 26,000 ரூபாய், 6 ஆண்டு என்றால் 90,000 ரூபாய்.

செட்டில்மென்ட் தாளில் “இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்” என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துக்கு மேலே “வழக்குரிமைக்குப் பாதகமின்றி, ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்” என்று கைப்பட எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுதவிடாமல் தடுத்தால் கையெழுத்துப் போடாமல் வந்து, நடந்ததை அன்றே மெயிலில் பதிவு செய்துவிட்டு வக்கீலுக்கு போன் போடுங்கள்.