யூகே பார்க்கிங் ஃபைன்: கலெக்‌ஷன் லெட்டர் வந்தா என்ன பண்றது

சூப்பர்மார்க்கெட் கார் பார்க்ல பத்து நிமிஷம் கூட நின்னுட்டோம்னு தனியார் பார்க்கிங் கம்பெனி 100 பவுண்ட் கேட்டு, நாம கட்டாம விட்டா அது 170 ஆகி சிவப்பு எழுத்துல ஒரு லெட்டர் வரும் பாருங்க, எனக்கும் வந்துச்சு, வீட்டுல எல்லாரும் டிவியை தூக்கிட்டு போயிடுவாங்கன்னு பயந்துட்டாங்க. அதெல்லாம் நடக்காது. டெட் கலெக்டர் (கடனை கேட்டு லெட்டர் போடுறவங்க) வேற, பெய்லிஃப் (கோர்ட் உத்தரவோட பொருளை எடுக்க வர்றவங்க) வேற. கோர்ட் தீர்ப்பு இல்லாம யாரும் வந்து ஒரு ஸ்பூனைக்கூட எடுக்க முடியாது. அந்த எக்ஸ்ட்ரா 70-உம் அவங்களா சேர்த்ததுதான். போன் பண்ணி பேசாதீங்க, பேச்சுவாக்குல "நான்தான் ஓட்டினேன்"னு வாயை விட்டுடுவோம். இங்கிலாந்து, வேல்ஸ்ல 2012 சட்டப்படி கேமரா பிடிச்ச கேஸ்னா கார் நின்ன நாளுக்கு அப்புறம் 14 நாளுக்குள்ள நோட்டீஸ் வீட்டுக்கு வந்திருக்கணும், இல்லன்னா ஓட்டினது யாருன்னு தெரியாம கார் கீப்பர்கிட்ட (காரை தன் பேர்ல பதிவு பண்ணியிருக்கிறவர்கிட்ட) அவங்க வசூல் பண்ண முடியாது, அதனால பழைய கவரை தூக்கிப்போடாம தேதியை பாருங்க.

ஆனா "லெட்டர் ஆஃப் க்ளெய்ம்"னு (கட்டலன்னா கோர்ட்டுக்கு போவோம்னு சொல்ற லெட்டர்) வந்தா கண்டுக்காம விடக்கூடாது, 30 நாளுக்குள்ள ஏன் கட்டமாட்டேன்னு எழுதி அனுப்பணும். கோர்ட் ஃபார்மே வந்துட்டா அதுல இருக்குற தேதியில இருந்து 19 நாளுக்குள்ள ஆன்லைன்ல அக்னாலெட்ஜ் பண்ணுங்க (ஃபார்ம் கிடைச்சதுன்னு பதில் போடுறது), அப்போ டிஃபென்ஸ் (உங்க எதிர்வாதம்) போட மொத்தம் 33 நாள் கிடைக்கும். வீடு மாறினவங்க புது அட்ரஸை பார்க்கிங் கம்பெனிக்கு கண்டிப்பா எழுதி சொல்லிடுங்க, இல்லன்னா கோர்ட் பேப்பர் பழைய வீட்டுக்கு போய் உங்களுக்கே தெரியாம சிசிஜே (பணத்தை கட்டச்சொல்லி கோர்ட் தர்ற தீர்ப்பு) விழுந்து 6 வருஷம் கிரெடிட் ரிப்போர்ட்ல உக்காந்திருக்கும்.