முயல் திடீரென நோயுற்றால்: மருத்துவரிடம் சேரும்வரை செய்ய வேண்டியவை

முயல் தன் நோயை மறைக்கும் பிராணி. காட்டில் தளர்ந்து தெரியும் முயலைத்தான் நரியும் பருந்தும் முதலில் குறிவைக்கும் என்பதால், இயலாத நிலையிலும் இயல்பாக இருப்பதுபோல் காட்டிக்கொள்வது அதன் இரத்தத்தில் ஊறியது. வீட்டில் பிறந்து வளர்ந்த முயலும் இதற்கு விலக்கல்ல. ஆகவே, முயலுக்கு உடம்பு சரியில்லை என்று நம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் நோய் பெரும்பாலும் சற்று முற்றிய நிலையில்தான் இருக்கும். நாய்க்கு ஒரு வேளை சாப்பாடு இறங்காவிட்டால் மறுநாள் வரை பொறுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. முயலுக்கு அந்த அவகாசம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு மணி நேரமாக எதையும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கும் முயலை, வேறு எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும், அவசர நோயாளியாகவே கருத வேண்டும்.

இதற்குக் காரணம் அதன் குடலின் அமைப்பு. முயலின் குடல் நார்ச்சத்தால் ஓயாமல் தள்ளப்பட்டு இயங்கிக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்று. சீக்கம் எனப்படும் பெரிய குடற்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் தின்ற புல்லை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. பல்வலி, பயம், வெயில், இடமாற்றம், துணை முயலின் பிரிவு என ஏதோ ஒரு காரணத்தால் அது தின்பதை நிறுத்தினால், குடலின் அசைவு தளர்கிறது, உள்ளிருக்கும் உணவு நீர் வற்றி இறுகுகிறது, வாயு சேர்கிறது, வாயுவினால் வலி எடுக்கிறது, வலியால் அது மேலும் தின்ன மறுக்கிறது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதால் உள்ளே சேர்ந்தது வெளியேற வேறு வழியில்லை. பட்டினி நீளும்போது உடற்கொழுப்பு கரைந்து கல்லீரலில் படிந்து அதையும் கெடுத்துவிடுகிறது. பருத்த முயல்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். தின்னாமை வெறும் பசியின்மை அன்று, பெரும்பாலும் அது வலியின் அடையாளம் என்பதை வளர்ப்பவர் மனத்தில் பதித்துக்கொண்டால், செய்ய வேண்டியவை பலவும் தாமே தெளிவாகும்.

முதலில் பார்க்க வேண்டியவை

முயலைத் தூக்குவதற்கு முன் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா என்பதே முதற்கேள்வி. முயல் மூக்கினால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. அது வாயைத் திறந்து மூச்சுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று பொருள், வேறு எதையும் ஆராயாமல் புறப்பட்டுவிட வேண்டும். அடுத்து அது உட்கார்ந்திருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். முதுகைக் கூனிக் கண்ணைப் பாதி மூடி மூலையில் குந்தியிருப்பதும், வயிற்றைத் தரையில் அழுத்தி அழுத்திப் படுத்து எழுவதும், பல்லை உரக்க நறநறவெனக் கடிப்பதும் வலியைக் காட்டும். தலையைத் தடவும்போது மெல்லியதாகப் பல் உரசுவது மகிழ்ச்சியின் ஒலி. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிறகு கூண்டின் தரையைப் பாருங்கள். உருண்டையான, ஒரே அளவிலான, காய்ந்த புல் தெரியும் புழுக்கைகள் நலத்தின் சான்று. அவை மிளகளவாகச் சிறுத்திருந்தாலும், மயிரில் கோத்து மாலைபோல் வந்திருந்தாலும், அறவே இல்லாவிட்டாலும் குடல் தளர்ந்திருக்கிறது. திராட்சைக் கொத்துப் போன்ற மெத்தென்ற கரும்புழுக்கை வயிற்றுப்போக்கு அன்று. முயல் வழக்கமாகத் தானே திரும்ப உண்ணும் சீக்கக் கழிவு அது. தண்ணீராகப் போவதுதான் உண்மையான வயிற்றுப்போக்கு. அதுவும் இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு வந்தால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடக்கூடும்.

கடைசியாக, தரையில் வைத்தபடியே மென்மையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். காதுகள் சில்லென்று இருக்கின்றனவா, கொதிக்கின்றனவா? ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா? வயிறு பிசைந்த மாவுபோல் இளகியிருக்கிறதா, காற்றடைத்ததுபோல் விறைத்திருக்கிறதா? முயலின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். 38-க்குக் கீழே இறங்கினாலும் 40.5-ஐத் தாண்டினாலும் நிலைமை கடுமையானது. ஆனால் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பழகாதவர்கள் அந்த நேரத்தில் முதன்முதலாக முயன்று பார்க்கக் கூடாது. முயல் உதறினால் மெல்லிய குடற்சுவர் கிழியும். காதும் ஈறும் சொல்வதே அப்போதைக்குப் போதும்.

இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு, உடனே மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயலுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை என்பதால், முயலைப் பார்ப்பீர்களா என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது; மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருத்துவமனையிலோ தனியார் மருத்துவரிடமோ விசாரிக்கலாம். உண்மையில் இந்த விசாரிப்பை முயல் நலமாக இருக்கும்போதே முடித்து, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யார் பார்ப்பார்கள் என்பதை எழுதி வைத்திருப்பதுதான் முறை.

சூடும் குளிர்ச்சியும்

காது சில்லிட்டுத் துவண்டு கிடக்கும் முயலுக்கு முதல் மருந்து கதகதப்பு. ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, துண்டில் சுற்றி, முயலின் பக்கத்தில் வைக்க வேண்டும். சூடு பிடிக்காவிட்டால் விலகிச் செல்ல அதற்கு இடம் இருக்க வேண்டும். கொதிநீரும், துணியில்லாமல் உடலோடு ஒட்டிய பாட்டிலும் தோலைப் பொசுக்கிவிடும். உடல் குளிர்ந்த முயலுக்கு உணவு ஊட்டக் கூடாது. விழுங்கும் வலுவே அதற்கு இராது.

நம் ஊர்க் கோடையில் இதற்கு நேர்மாறான நிலைதான் அடிக்கடி நேர்கிறது. முயலுக்கு வியர்ப்பதில்லை. காதுகளில் ஓடும் இரத்தத்தின் வழியாகவே அது தன் உடற்சூட்டைப் பெரிதும் வெளியேற்றுகிறது. 30 டிகிரியை நெருங்கும்போதே தவிக்கத் தொடங்கும் பிராணியை, அக்கினி நட்சத்திர நாளில் மொட்டைமாடிக் கூண்டிலோ தகரக் கொட்டகையிலோ விட்டுவைத்தால் என்ன ஆகும்? காது சிவந்து கொதிக்கும், மூச்சு இரைக்கும், மூக்கும் வாயும் நனையும், பிறகு கால் பரப்பிச் சரிந்துவிடும், வலிப்பும் வரலாம். அப்போது முயலை நிழலான, காற்றோட்டமுள்ள அறைக்குக் கொண்டுபோய்ச் சில்லென்ற தரையில் படுக்கவைத்து, குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு காதுகளையும் பாதங்களையும் மீண்டும் மீண்டும் துடைக்க வேண்டும். மின்விசிறியைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். ஐஸ் தண்ணீர் ஊற்றுவதும் முயலை வாளி நீரில் அமிழ்த்துவதும் வேண்டவே வேண்டாம். திடீர்க் குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி உட்சூடு வெளியேறாமல் அடைபடும், அதிர்ச்சியிலேயே இதயம் நின்றுவிடவும் கூடும். காதின் கொதிப்பு அடங்கியதும் நனைப்பதை நிறுத்திவிட வேண்டும். முயல் எழுந்து உட்கார்ந்துவிட்டது என்பதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்; வெப்பத்தாக்கின் பாதிப்பு சிறுநீரகத்திலும் குடலிலும் பல மணி நேரம் கழித்தும் வெளிப்படும்.

உணவும் தண்ணீரும்

விழிப்போடு இருக்கும், வயிறு இளகியிருக்கும் முயலின் முன்னால் காய்ந்த புல், ஈரம் துடைத்த அறுகம்புல், கொத்தமல்லித் தழை, அதற்குப் பிடித்த கல்யாண முருங்கை இலை ஆகியவற்றை வையுங்கள். தண்ணீரை உறிஞ்சு பாட்டிலில் அல்லாமல் அகன்ற கிண்ணத்தில் வைத்தால் நலிந்த முயல் எளிதாகக் குடிக்கும். ஆசைகாட்டுவதற்காக வாழைப்பழமோ பிஸ்கட்டோ சோறோ கொடுப்பது, சர்க்கரையும் மாவுச்சத்தும் குடலின் நுண்ணுயிர்ச் சமநிலையைக் கெடுப்பதால், நோயை வளர்ப்பதாகவே முடியும்.

தானாகத் தின்னாத முயலுக்குச் சிரிஞ்சில் ஊட்டலாமா என்பது வயிற்றைப் பொறுத்தது. வயிறு விறைத்து, உப்பி, முயல் சட்டெனத் துவண்டிருந்தால் குடலில் அடைப்பு இருக்கலாம். அந்த வயிற்றுக்குள் உணவைத் திணிப்பதும், அதைப் பிசைந்துவிடுவதும் இரைப்பை வெடிக்கவே வழிசெய்யும். இந்த வேறுபாட்டை வீட்டில் உறுதியாகச் சொல்வது கடினம் என்பதால், மருத்துவர் தொலைபேசியில் சரி என்ற பிறகே ஊட்டத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர் சரி என்றால், முயல் தீவன உருண்டைகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் கன்னத்தின் பக்கவாட்டிலிருந்து அரை மில்லியளவு விட்டு, அது மென்று விழுங்கிய பிறகே அடுத்ததை விட வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள முயலுக்கு ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து மில்லி போதும். மல்லாக்கப் பிடித்து ஊட்டினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். மல்லாத்தியதும் அசையாமல் கிடப்பதைப் பார்த்து முயல் அமைதியாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. அது பயத்தால் உறைந்த நிலை.

கொடுக்கக் கூடாத மருந்துகள்

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கும் கைதான் பல முயல்களுக்கு எமனாகிறது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய்வழியே கொடுத்தால், முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, நச்சைச் சுரக்கும் கிளாஸ்டிரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் பெருகி, சில நாட்களில் அது இறந்துபோகும். குழந்தைக்குக் கொடுக்கும் அதே சிரப்தானே என்ற நினைப்பு இங்கே கொல்லும். நாய், பூனைகளின் உண்ணிக்குக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு நஞ்சு. வலிநிவாரணி முயலுக்குக் கட்டாயம் தேவைதான், ஆனால் எது, எவ்வளவு என்பதை எடையைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வேறு சில அவசரங்கள்

மழைக்காலத்தில் பின்பக்கம் நனைந்தோ கழிவு ஒட்டியோ இருக்கும் முயலை ஈ மொய்த்தால், முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்து புழு வைத்துவிடும். கண்ணில் படும் புழுக்களை இடுக்கியால் எடுத்துக்கொண்டே உடனடியாகக் கிளம்ப வேண்டும். முயலைக் குளிப்பாட்ட வேண்டாம், வீட்டில் உள்ள எந்தத் தைலத்தையும் ஊற்ற வேண்டாம். பூனையோ நாயோ கவ்விய முயல், மேலே ஒரு சிறு கீறல்தான் தெரிகிறது என்றாலும், அன்றே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். நகம் ஒடிந்து இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்து, சிறிது சோளமாவை வைத்து அழுத்தினால் நிற்கும். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும் முயலுக்கு முதுகெலும்பு முறிந்திருக்கலாம். அதன் எலும்புகள் மிக இலேசானவை, பின்கால் தசைகளோ வலுவானவை என்பதால், தப்பாகத் தூக்கும்போது அது உதைத்துக்கொள்ளும் ஓர் உதையே முறிவுக்குப் போதும். அப்படிப்பட்ட முயலைக் கையில் தூக்காமல், தட்டையான அட்டையில் மெல்ல நகர்த்தி ஏற்ற வேண்டும். தலை ஒரு பக்கம் சாய்ந்து உருளும் முயலுக்கு, பக்கங்களில் துண்டுகளைச் சுருட்டி அணைகொடுத்தால் அடிபடாமல் இருக்கும். தீபாவளி வெடிச்சத்தத்திற்குப் பிறகு தின்னாமல் இருக்கும் முயலை, பயம் தெளிந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். பயமும் குடலை நிறுத்தும்.

பயணமும் மருத்துவமனையும்

காற்று புகும் கூடையிலோ துளையிட்ட அட்டைப் பெட்டியிலோ வழுக்காத துண்டை விரித்து, ஒரு பிடி புல்லும் வைத்து, மேலே மெல்லிய துணி போர்த்தி எடுத்துச் செல்லுங்கள். வெயில் நேரமானால் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூடையின் ஒரு ஓரத்தில் வைக்கலாம். மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போவது ஆபத்து, ஆட்டோவே மேல். துணை முயல் இருந்தால், அது சண்டையிடாத சோடியானால், கூடவே கொண்டுபோவது நோயாளிக்குத் தெம்பு தரும். பிரிந்திருந்து திரும்பும் முயலைத் துணை ஏற்க மறுக்கும் தொல்லையும் இராது.

கடைசியாகக் கிடைத்த புழுக்கைகளை ஒரு சிறு பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குவதையும் நடையையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மருத்துவரின் மேசையில் ஏறியதும் முயல் மறுபடியும் நலமாக இருப்பதுபோல் நடிக்கத் தொடங்கிவிடும். கடைசியாகத் தின்ற நேரம், புழுக்கை போட்ட நேரம், புதிதாகக் கொடுத்த தீவனம், கடித்திருக்கக்கூடிய செடி (அரளி, எருக்கு போன்றவை), நீங்கள் ஏதேனும் மருந்து கொடுத்திருந்தால் அதன் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்வது நல்லது. மயக்கமருந்து தரவேண்டியிருந்தால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வது நாய்க்கும் பூனைக்கும் உரிய வழக்கம். முயல் வாந்தி எடுக்காது என்பதால் அதைப் பட்டினி போட வேண்டியதில்லை. அப்படிச் சொல்லப்பட்டால் பணிவோடு காரணத்தைக் கேளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு இரண்டு மூன்று நாட்கள், காலையிலும் மாலையிலும் புழுக்கையின் எண்ணிக்கையையும் அளவையும் பார்த்து, சமையலறைத் தராசில் எடையையும் குறித்துக்கொள்ள வேண்டும். மருந்து உள்ளே போகும்போதும் புழுக்கை மறுபடி சிறுக்கத் தொடங்கினால், அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள்.