பேராசிரியர்கள் பணி ஓய்வில் கோட்டைவிடும் இடங்கள்

கடலூரில் பஸ் ஏறி முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. அந்தத் தூரத்துக்குள் ஆசிரியரின் ஓய்வு வயதும் மாறிவிடுகிறது. கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் 60. காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்தில் 65. "யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 65 என்று சொல்லியாச்சு, நமக்கும் வரும்" என்று நம்பி வீட்டுக்கடன் தவணையை இழுத்துப் போடாதீர்கள். அந்த 65 மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 58 என்பது 2020-ல் 59, 2021-ல் 60 ஆனது. அவ்வளவுதான்.

வயது தெரிந்தவர்கள்கூடத் தேதியில் தவறுவார்கள். வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஆனால் 1-ஆம் தேதி பிறந்தவருக்கு அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். 1966 ஜூன் 2-ல் பிறந்தவர் 2026 ஜூன் 30-ல் போவார். ஜூன் 1-ல் பிறந்தவர் மே 31-லேயே போய்விடுவார். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட ஜூன் 1-க்கு ஒரு மாதச் சம்பளம் காலி! தேதியைத் திருத்த வேண்டுமானால் பணியில் சேர்ந்த 5 ஆண்டுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஓய்வு நெருங்கும்போது ஜாதகத்தோடு போய் நின்றால் பலிக்காது.

அமெரிக்காவில் சொல்கிற 'டென்யூர்' என்ற நிரந்தரப் பணிக்காப்பு இங்கே கிடையாது. நமக்கு அரண், தகுதிகாண் பருவம் (புரொபேஷன்) முடித்த ஆணைதான். யுஜிசியின் 2018 விதிப்படி அந்தப் பருவம் ஓராண்டு. நீட்டித்தால் இன்னும் ஓராண்டு, அதுவும் முதலாண்டு முடியும் முன்பே எழுத்தில் ஆணை போட்டு. முடிந்த 45 நாளுக்குள் நிலைப்படுத்தும் ஆணை தர வேண்டும். வராவிட்டால் 46-ஆம் நாளே எழுதிக் கேளுங்கள். "தானா ஆகிடும் சார்" என்ற பேச்சு பதவி உயர்வு நேரத்தில் கைகொடுக்காது.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு என எல்லை தாண்டி வேலை மாறுகிறவர்கள் செய்யும் தவறுதான் பெரியது. புது வேலை கிடைத்த மகிழ்ச்சியில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று ராஜினாமா எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு சொல்லில் முந்தைய பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். துறை வழியாக விண்ணப்பித்து, தடையின்மைச் சான்று வாங்கி, எந்தப் பணியில் சேர்வதற்காக விலகுகிறீர்கள் என்பதைக் கடிதத்திலேயே எழுத வேண்டும். விடுவிப்பு ஆணையிலும் அது வர வேண்டும். 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்து பழைய ஓய்வூதியத்தில் இருப்பவருக்கு இது உயிர்நாடி. பதவி உயர்வுக்குப் பழைய அனுபவத்தை ஏற்றார்களே என்று அசந்துவிடாதீர்கள். அது வேறு விதி, வேறு கோப்பு.

தமிழ்நாட்டில் கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறுபவருக்கு மே 31 வரை மறுநியமனம் உண்டு. அது பணி நீட்டிப்பு அல்ல. ஓய்வூதியக் கருத்துருவை, அதாவது ஓய்வூதியம் கேட்டு அனுப்பும் கோப்பை, மே வரை தள்ளிப்போட வேண்டாம்.

கருத்துரு திரும்பி வருவது பெரும்பாலும் பணிப்பதிவேட்டால்தான். ஒவ்வோர் ஆண்டுக்கும் "பணி சரிபார்க்கப்பட்டது" என்ற பதிவும் கையொப்பமும் இருக்க வேண்டும். இடமாறுதல் ஆன ஆண்டில்தான் இது விட்டுப்போகும்: கடலூர் கல்லூரி போடும் என்று விருத்தாசலம் கல்லூரி இருந்துவிடும், விருத்தாசலம் போட்டிருக்கும் என்று கடலூர் இருந்துவிடும். ஓய்வுக்கு 5 ஆண்டு முன்பே பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, விடுபட்ட ஆண்டுக்குப் பழைய கல்லூரியின் சம்பளப் பட்டியலை அங்கே எழுத்தர் தேடி எடுக்கும்படி கடிதம் போட்டுவிடுங்கள்.