கருத்த முகம் படத்தில் ஏன் சாம்பல் பூக்கிறது? கல்யாணப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண ஆல்பங்களில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது: மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி இட்ட கை வேறொரு நிறம். ஐம்பது வருஷம் கழித்துப் பேத்தி அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாட்டி எப்படி இருந்தாள் என்று தெரிந்துகொள்ளப் போகிறாள். அவளிடம் படம் பொய் சொல்லக் கூடாது. பழி முழுவதும் டச்சப் செய்பவர்மேல் விழுகிறது. உண்மையில் பாதித் தவறு படம் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது.

இந்தச் சிக்கல் பழையது. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் பிரிண்ட் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. கூகுள் தன் பிக்சல் 6 போனில் எல்லா நிறத் தோலுக்கும் ஏற்பக் கேமராவைத் திருத்தியதாக அறிவித்ததே 2021இல்தான்.

முதல் தவறு, வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டரை அப்படியே நம்புவது. தன் முன் இருப்பது எதுவானாலும் சராசரியாக 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் என்றுதான் மீட்டர் கணக்குப் போடும். மாப்பிள்ளை பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டையில் நின்றால் அந்த வெள்ளையை அடக்கப் பார்த்து முகத்தை இருட்டாக்கிவிடும். ரிசப்ஷனில் கருநீலக் கோட்டும் கறுப்புத் திரையும் வந்தால் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு முகத்தை வெளுக்க வைக்கும். ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டருக்கு மாறி, வெளிச்சம் படும் கன்னத்தில் அளவெடுங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், கறுப்பு முதல் வெள்ளை வரையிலான வெளிச்சத்தைப் படிகளாகப் பிரித்த சோன் முறையில் கருத்த தோலுக்கு ஐந்தாம் சோன், அதாவது நடுச்சாம்பல். வெள்ளைத் தோலுக்கு ஆறாம் சோன். அதனால் மாநிறத்துக்கு அளவை அப்படியே வைக்கலாம், அல்லது மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டலாம் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு, குறைத்தால் பாதி). நல்ல கருப்பு என்றால் மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும். வேட்டியின் மடிப்பு வெளுத்துப் போகிறதா என்பதைத் திரையில் மினுங்கும் ஹைலைட் எச்சரிக்கை காட்டும்.

இதற்குப் பயந்து இரண்டு ஸ்டாப் இருட்டாக எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஜேபெக் கோப்பில் அப்படித் தூக்கினால் கன்னத்தில் பச்சையும் கருஞ்சிவப்புமாகத் திட்டுத் திட்டாக நாய்ஸ் எனும் புள்ளிகள் கிளம்பும். கேமரா பதியும் மூலத் தரவான ரா கோப்பு கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். லென்ஸை எஃப் 2.8 வரை திறவுங்கள், அசையாமல் நிற்பவர்களுக்கு ஷட்டரை 1/125க்கு இறக்குங்கள், அப்போதும் போதாவிட்டால் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது விளக்கு. வெளிர்ந்த தோலில் நிழலைக் கொண்டே முகத்தின் அமைப்பு தெரிந்துவிடும். கருத்த தோலில் அதைக் காட்டுவது பெரும்பாலும் மேற்பரப்பின் பளபளப்பு. கேமரா மேல் செருகிய ஃபிளாஷை நேரே அடித்தால் நெற்றி, மூக்கு நுனி, கன்ன எலும்பு மூன்றிலும் வெள்ளைப் புள்ளி விழும். மற்ற இடம் தட்டையாகிவிடும். வேர்வை இருந்தால் இன்னும் மோசம். பளபளப்பு ஒரே புள்ளியில் குவியாமல் பரவ வேண்டுமானால் ஒளி மூலம் பெரிதாக இருக்க வேண்டும். மூன்று அடி சாஃப்ட்பாக்ஸ் அல்லது குடையை ஸ்டாண்டில் மாட்டி, முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், ஐந்தாறு அடி தூரத்தில் வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் நிழல் இளகும். ஃபிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்புவது கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் மட்டும் பலன் தரும். பொன்னிற ஃபால்ஸ் சீலிங் முகத்துக்கும் பொன்னிறம் பூசிவிடும்.

வேர்வையை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அதற்குமேல் பவுடர் அடுக்கினால் பளபளப்போடு முகத்தின் அமைப்பும் போய்விடும். டைட்டானியம் டையாக்சைடு, சிலிக்கா கலந்த பவுடர்கள் நேரில் நன்றாக இருந்தாலும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளையாகத் திருப்பியடிக்கும். கருத்த முகத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். மேக்கப் முடிந்ததும் ஃபிளாஷோடு ஒரு படம் எடுத்து மேக்கப் போடுபவரிடம் காட்டிவிடுவது நல்லது.

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். மண்டபத்தில் மஞ்சள் பல்பு 3000 கெல்வின், வீடியோகாரரின் எல்இடி 5600 கெல்வின், மேடையில் ஊதா எல்இடி. இந்தக் கலவையில், வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைத் தானே திருத்தும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் படத்துக்குப் படம் மாறிக்கொண்டே இருக்கும். பல்புகள் மிகுதியாக இருந்தால் ஃபிளாஷில் ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) மாட்டி, கேமராவை 3200 கெல்வினில் நிறுத்துங்கள். பிறகு நிறத்தைச் சரிசெய்ய உதவியாக, இடம் மாறும்போதெல்லாம் சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊதா விளக்கை மட்டும் பிறகு சரிசெய்ய வழியில்லை, ஏனென்றால் தோலின் நிறத்துக்கு வேண்டிய அலைநீளங்கள் அந்த ஒளியிலேயே இல்லை. தாலி கட்டும் நேரத்தில் அதை அணைக்கச் சொல்லி லைட்காரரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். வெளியே பச்சை ஷாமியானாவுக்கு அடியில் நிற்கவைத்தாலும் முகம் நோயாளி முகம் போலத் தெரியும்.

அடுத்தது டச்சப். எடிட்டிங் மென்பொருளில் நிறத்தையும் அதன் செறிவையும் வட்டமாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் பார்த்தால் கருப்பு, மாநிறம், சிவப்பு எல்லாத் தோலும் ஏறக்குறைய ஒரே கோட்டையொட்டியே விழும். வேறுபடுவது வெளிச்சமும் நிறச் செறிவும்தான். வெளிச்சத்தை மட்டும் ஏற்றிச் செறிவை விட்டுவிட்டால் வருவதுதான் அந்தச் சாம்பல் பூத்த முகம். ஆரஞ்சு ஸ்லைடரைத் தூக்கி முகத்தை ‘பிரைட்’ ஆக்கினால் சந்தனம், மஞ்சள், தங்க நகை எல்லாம் சேர்ந்து வெளுக்கும். முகத்தைக் கொஞ்சம் ஏற்றியே ஆக வேண்டுமென்றால் காது, கழுத்து, கைகளையும் அதே அளவு ஏற்றுங்கள். போனில் எடுப்பவர்கள் பியூட்டி மோடை அணைத்துவிட்டு, முகத்தைத் தொட்டுப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்று கீழே இழுத்தால் போதும்.

கடைசியில் பிரிண்ட். மானிட்டர் அதிக வெளிச்சத்தில் இருந்தால் படம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். தாளில் கருத்த முகங்கள் நிழலோடு ஒட்டிப் போகும். மானிட்டரைச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலாவுக்கு அளவுபடுத்துங்கள். லேபில் ஆட்டோ கரெக்‌ஷனை நிறுத்தச் சொல்லுங்கள். முழு ஆல்பத்தையும் அனுப்புமுன், குடும்பத்தில் நிறம் மிகக் கருத்தவரும் மிக வெளுத்தவரும் சேர்ந்து நிற்கும் ஒரு படத்தைச் சோதனைப் பிரிண்ட் போட்டு, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.