போட்டி கிளைடருக்கு ரேடியோ செட்டிங்: எந்த வரிசையில் செய்வது

ரேடியோவால் ஓட்டுகிற மாடல் கிளைடர் மேலே இருக்கும்போது கண் பார்க்க வேண்டியது மாடலை, பக்கத்தில் வட்டமடிக்கும் பருந்தை, தூரத்தில் தென்னை மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை. கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் திரையைப் பார்க்க அங்கே நேரமே கிடையாது. அதனால் ரேடியோவை அமைக்கும்போது ஒரே நோக்கம்தான்: களத்தில் நின்ற பிறகு விரல் தானாகச் சரியான ஸ்விட்சுக்குப் போக வேண்டும். அதற்காக வீட்டு மேசையில் எத்தனை இரவு போனாலும் பரவாயில்லை. சேலத்தைச் சுற்றி அறுவடை முடிந்த காடுகளில் பறக்கிறவர்களையும் ஏற்காட்டுச் சரிவில் பறக்க ஆசைப்படுகிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வரிசை மட்டும் முக்கியம், அதை மாற்றாதீர்கள்.

முதலில் எந்தப் பிரிவில் பறக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ரேடியோவில் என்ன வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். கையால் சுழற்றி எறிகிற எஃப்3கே பிரிவில் இறக்கை 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, எடை 600 கிராமைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் நான்கு சர்வோதான் (இறக்கை, வால் பரப்புகளை அசைக்கிற சின்ன மோட்டார்), ஆனால் எறிகிற நொடிக்கென்று தனி அமைப்பு வேண்டும். மோட்டார் வைத்து ஏறுகிற எஃப்5ஜே பிரிவில் இறக்கை நுனிப் பக்கம் மாடலை உருட்டுகிற ஏலெரான் இரண்டு, உடல் பக்கம் ஃபிளாப் இரண்டு, வாலில் மூக்கை ஏற்றி இறக்குகிற எலிவேட்டர், பக்கவாட்டில் திருப்புகிற ரட்டர், மோட்டார் என்று ஏழு சேனல் போய்விடும். மலைச் சரிவில் 100 மீட்டர் தடத்தைப் பத்து முறை ஓடுகிற எஃப்3எஃப் பிரிவில் மோட்டார் இல்லை, மற்றபடி அதே ஆறு சர்வோ. புதிதாக வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது எஃப்3கே. ஓடுதளம் வேண்டாம், கயிறு இழுத்து ஏற்றுகிற வின்ச் வேண்டாம், ஒரு மைதானமும் நல்ல தோளும் இருந்தால் போதும்.

எந்த ரேடியோ வாங்குவது? ஜெட்டி, ஃபுடாபா, ஸ்பெக்ட்ரம் எல்லாமே நல்லவைதான், கையில் இருப்பதை மாற்ற வேண்டியதில்லை. புதிதாக வாங்குவதாக இருந்தால் எட்ஜ்டிஎக்ஸ் என்கிற மென்பொருள் ஓடுகிற ரேடியோவைப் பாருங்கள். விலை குறைவு என்பதைவிட முக்கியமான காரணம், எந்த ஸ்டிக்கையும் எந்தச் சேனலோடும் எந்த வளைவோடும் நாமே கோக்கலாம், கம்பெனி போட்டுக் கொடுத்த மெனுவுக்குள் அடைந்து கிடக்க வேண்டாம். கிளைடருக்கு இது பெரிய விஷயம்.

அலைவரிசையில் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு வெளியே போகாதீர்கள். இந்தியாவில் அதற்குத் தனி உரிமம் தேவையில்லை. 915 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிய வெளிநாட்டு மாட்யூலை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்க வேண்டாம், அந்தப் பட்டை இங்கே நமக்குத் திறந்துவிடப்பட்டது இல்லை.

இப்போது பலரும் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்கிற ரேடியோ இணைப்பு முறையின் பக்கம் போகிறார்கள், நல்ல இணைப்புதான். ஆனால் அது ட்ரோன் ரேஸ்காரர்களுக்காக வளர்ந்தது என்பதை மறக்கக் கூடாது. அதில் ஐந்தாவது சேனல் மோட்டாரை ஆர்ம் செய்வதற்கென்று, அதாவது ஓடத் தயார் நிலைக்குக் கொண்டுவருவதற்கென்று ஒதுக்கப்பட்டது, வழக்கமான முறைகளில் ஆன், ஆஃப் என்ற இரண்டு நிலைதான் அதற்குத் தெரியும். அங்கே ஃபிளாப்பைச் செருகினால் அது பாதியில் நிற்கவே நிற்காது. ஆறாவதிலிருந்து மேலே உள்ள சேனல்களும் சாதாரண முறையில் படிப்படியாகத்தான் நகரும். ஆகவே 100 ஹெர்ட்ஸ் ஃபுல் ரெசல்யூஷன் முறையை எடுத்துக்கொண்டு, ஐந்தாவது சேனலை எந்தப் பரப்புக்கும் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். சர்வோவை நேராகச் செருகுகிற பிடபிள்யூஎம் ரிசீவரில் எந்த முனைக்கு எந்தச் சேனல் என்று மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆன்டெனா

போட்டி கிளைடர் என்றாலே கார்பன். கார்பன் 2.4 அலையை மறைத்துவிடும். மூக்குப் பகுதியை மட்டும் கிளாஸ் ஃபைபரிலோ கெவ்லரிலோ செய்த உடல் என்றால் ரிசீவரை உள்ளே வைக்கலாம். முழுக் கார்பன் என்றால் ஆன்டெனா முனையை வெளியே கொண்டுவந்தே ஆக வேண்டும், அதில் சமரசம் கிடையாது. வெளியே வர வேண்டியது வயர் முழுவதும் அல்ல, நுனியில் மேல்கவசம் இல்லாமல் இருக்கிற மூன்று சென்டிமீட்டர் சொச்சம் பகுதிதான் அலையை வாங்குகிறது. இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். பேட்டரியும் சர்வோ வயரும் அதன் மேல் படுக்க வேண்டாம்.

டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவிலும் ஒன்று கவனிக்க வேண்டும். அதன் நுனியிலிருந்து நேராக மிகக் குறைவான அலைதான் போகும், பக்கவாட்டில்தான் பலம். தூரத்தில் போகிற மாடலை நோக்கி ஆன்டெனாவை நீட்டிப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள்.

புரோகிராமுக்கு முன்னால் ஸ்குரூடிரைவர்

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வேறொருவர் பறக்கவிட்ட மாடல் ஃபைலை இறக்கி அப்படியே போட்டுக்கொள்கிறார்கள், பிறகு மாடல் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று டிரிம்மை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அவர் சர்வோ ஹாரன் (சர்வோவின் கை) எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறதோ உங்களுடையது அங்கே இல்லை. அதனால் அந்த எண்களுக்கு உங்கள் மேசையில் மதிப்பே கிடையாது.

எல்லா மிக்ஸையும் (ஒரு அசைவோடு இன்னொன்றைச் சேர்க்கிற கலப்பு) நீக்கிவிட்டு, சர்வோவை நடுநிலையில் நிறுத்தி, ஹாரனைப் பொருத்துங்கள். சர்வோவின் நடுவை ரேடியோவில் நகர்த்துகிற சப்டிரிம் என்பது கடைசி ஒரு துளி திருத்தத்துக்கு மட்டும். ஃபிளாப் சர்வோ மட்டும் விதிவிலக்கு. ஃபிளாப் கீழே கிட்டத்தட்ட 90 டிகிரி வரை இறங்க வேண்டும், மேலே சில மில்லிமீட்டர் போனால் போதும், ஆகவே ஹாரனை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால்தான் சர்வோவின் முழு வீச்சும் பயன்படும். சர்வோவையும் பரப்பையும் இணைக்கிற புஷ் ராடில் ஆட்டம் இருக்கிறதா என்று பின்விளிம்பை விரலால் அசைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் எந்த விலையுயர்ந்த சர்வோவும் உதவாது.

அப்புறம் அவுட்புட் பக்கம். இடது ஃபிளாப்பும் வலது ஃபிளாப்பும் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு முனைகளைச் சரிசெய்துவிட்டு நடுவை விட்டுவிட்டால் பாதி பிரேக்கில் மாடல் ஒரு பக்கம் உருளும், அதுவும் தரைக்குப் பக்கத்தில். எட்ஜ்டிஎக்ஸில் ஒவ்வொரு சேனலுக்கும் அவுட்புட் வளைவு கொடுக்கலாம், ஐந்து புள்ளி வைத்து ஒரு ஃபிளாப்பை இன்னொன்றோடு பொருத்துங்கள். அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

ஃப்ளைட் மோடு

பறக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஸ்விட்சில் வைக்கிற தனி அமைப்புதான் மோடு: எறிதல் அல்லது ஏற்றம், வேகம், சாதாரணம், தெர்மல் (மேலே எழுகிற வெப்பக் காற்று), இறக்கம். இதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. சாதாரண மோடில் இறக்கை அதன் இயல்பான வடிவில் இருக்கட்டும். தெர்மலில் பின்விளிம்பு முழுவதும் ஓரிரு மில்லிமீட்டர் கீழே, வேகத்தில் ஒரு மில்லிமீட்டர் மேலே என்று தொடங்கி, தயாரிப்பாளர் கொடுத்த தாளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மோடுக்கும் எலிவேட்டர் டிரிம் தனியாக இருக்க வேண்டும். கேம்பர் (இறக்கையின் வளைவு), ஏலெரான் வித்தியாசம் (மேலே போகிற அளவுக்கும் கீழே இறங்குகிற அளவுக்கும் உள்ள வேறுபாடு), ரட்டர் கலப்பு இவற்றை குளோபல் வேரியபிள் என்கிற பொது எண்ணில் வைத்தால் மோடு மாறும்போது எண்ணும் மாறும், களத்தில் ஒரே இடத்தில் திருத்தலாம். மோடு மாறும்போது அரை நொடி ஃபேட், அதாவது மெல்ல மாறுகிற நேரம் கொடுங்கள், இல்லாவிட்டால் மாடல் உதறும். எறிதல் மோடுக்கு மட்டும் ஃபேட் வேண்டாம்.

ஏலெரான் மேலே போகிற அளவு கீழே இறங்குகிற அளவைப் போல இரண்டு மடங்கு என்று தெர்மலில் தொடங்கலாம். திருப்பத்தில் மூக்கு எதிர்ப்பக்கம் போனால் ரட்டர் கலப்பைக் கூட்டுங்கள். இதெல்லாம் சிஜி (மாடலின் எடை மையம்) சரியான பிறகுதான். சிஜி தவறாக இருக்கும்போது மிக்ஸை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

பிரேக், அதாவது குரோ. ஃபிளாப் கீழே, ஏலெரான் மேலே. எஃப்5ஜே மாதிரிப் பிரிவில் நேரமும் தரையில் குத்துகிற புள்ளியும் சேர்ந்துதான் மதிப்பெண் என்பதால் அங்கே போட்டியில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். எஃப்5ஜேயில் குறியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இறங்கினால் 50 புள்ளி, மீட்டருக்கு ஐந்தாகக் குறையும், பத்து மீட்டரைத் தாண்டினால் ஒன்றுமில்லை. திராட்டில் ஸ்டிக்கில் பிரேக்கை வையுங்கள், ஸ்டிக் மேலே இருந்தால் பிரேக் இல்லை, கீழே இழுக்க இழுக்கக் கூடும். பிரேக் திறந்தவுடன் மாடல் மேலே எழும்பும், அதை அடக்க எலிவேட்டர் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இந்த ஈட்டை நேர்கோடாகக் கொடுத்தால் சரிவராது. ஃபிளாப் இறங்கத் தொடங்கும் முதல் பகுதியிலேயே ஈட்டின் பெரும்பங்கு தேவைப்படும், பிறகு கோடு தட்டையாகிவிடும். ஐந்து புள்ளி வளைவு போட்டு, நல்ல உயரத்தில் ஒவ்வொரு கால்பங்காக பிரேக்கை இழுத்து, மூக்கு எந்த இடத்தில் ஏறுகிறது, எந்த இடத்தில் கவிழ்கிறது என்று பக்கத்தில் நிற்பவரை எழுதச் சொல்லுங்கள். ஒரு மாலை முழுக்க இதற்கே செலவழித்தாலும் தகும். ஏலெரானை ரொம்பவும் மேலே தூக்கிவிட்டால் உருட்ட மீதி வீச்சு இருக்காது, ஆகவே அளவோடு. ஏலெரான் வித்தியாசத்தையும் இறக்க மோடில் நீக்கிவிடுங்கள்.

பிரிவுக்கென்று சில

எஃப்3கேயில் விரலை எடுத்தால் தானாகத் திரும்புகிற ஸ்விட்ச் ஒன்றை எறிதலுக்கு ஒதுக்குங்கள். அழுத்திப் பிடித்தபடி சுழன்று எறிந்து, ஏற்றம் முடிகிற இடத்தில் விட வேண்டும், விட்டவுடன் மோடு மாறும்.

எஃப்5ஜேயில் மோட்டார் 30 நொடிக்கு மேல் ஓடக் கூடாது. மோட்டார் நின்று பத்து நொடி வரை எட்டிய அதிகபட்ச உயரத்தை மாடலில் உள்ள கருவி பதிவு செய்யும். 200 மீட்டர் வரை ஒவ்வொரு மீட்டருக்கும் அரைப் புள்ளி கழிவு, அதற்கு மேல் மூன்று புள்ளி. நிறுத்திய மோட்டாரை மறுபடி ஓட்டினால் அந்தச் சுற்றில் பூஜ்யம். எனவே ஒருமுறை நிறுத்தினால் விரல் பட்டாலும் மோட்டார் எழாதபடி ஒருமுறை மாறினால் அதே நிலையில் நிற்கிற ஸ்டிக்கி லாஜிக்கல் ஸ்விட்ச் போட்டு, அதை விடுவிக்க இரண்டு கையும் தேவைப்படுகிற மாதிரி வையுங்கள்.

சரிவில் பறக்கும் எஃப்3எஃப் மாடலுக்கு எலிவேட்டர் இழுக்கும்போது ஃபிளாப்பும் ஏலெரானும் சற்று இறங்குகிற ஸ்னாப் ஃபிளாப் வேண்டும். வேக மோடில் மட்டும்.

காதுக்கு வேலை கொடுங்கள்

சித்திரை வெயிலில் சேலத்தில் எந்தத் திரையும் தெரியாது. எட்ஜ்டிஎக்ஸ் மெமரி கார்டில் நாமே பதிவு செய்த ஒலியைப் போடலாம், உங்கள் வீட்டுக் குரலில் ‘தெர்மல்’, ‘வேகம்’, ‘இறங்கு’, ‘பேட்டரி கம்மி’ என்று பதிவு செய்துகொள்ளுங்கள். பழகிய குரல் சட்டென்று மண்டையில் ஏறும். பயிற்சியில், மாடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒலியால் சொல்கிற வேரியோ வைத்துத் தெர்மல் பிடிக்கக் கற்கலாம். போட்டியில் அது கிடையாது, சிக்னல் பலமும் ரிசீவர் பேட்டரி நிலையும் மட்டுமே மாடலிலிருந்து உங்களுக்கு வரலாம். அதனால் வேரியோவை ஒரே ஸ்விட்சில் முழுவதுமாக அணைக்கிற வசதி வைத்து, பாதிப் பயிற்சியை அது இல்லாமலே செய்யுங்கள்.

இடம்

சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதி) 400 அடி வரைதான் அனுமதி, விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி, அதற்கும் உள்ளே என்றால் முன் அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் காட்டைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். நல்ல தெர்மல் 400 அடியைத் தாண்டி அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய்விடும், பயிற்சியில் 110 மீட்டரில் ஒலிக்கிற அலாரம் வையுங்கள்.

ஏற்காட்டில் பகோடா பாயின்ட் மாதிரி கூட்டம் நிற்கிற இடங்கள் வேண்டாம். எஸ்டேட் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள், வனத்துறை நிலம் என்றால் வனத்துறையிடம். ரேடியோவைப் பொறுத்தவரை சரிவில் ஒரு ஆபத்து உண்டு: மாடல் உங்கள் காலடி மட்டத்துக்குக் கீழே போனால் மலை விளிம்பே அலையை மறைக்கும். விளிம்புக்கு அருகில், மாடல் எங்கே போனாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் கொண்டுபோகாதீர்கள், மழையில் நனைந்த இலை அலையை இன்னும் விழுங்கும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, சேலத்தில் இறங்குவதைவிட ஐந்தாறு சதவீதம் வேகமாகத்தான் மாடல் வந்து இறங்கும், பிரேக்கைக் கொஞ்சம் முன்னதாகவே இழுங்கள். மூடுபனி ஏறத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், இறக்கிவிடுங்கள்.

கடைசியாக ஃபெயில்சேஃப், ரேஞ்ச் செக். சிக்னல் போனால் மோட்டார் நிற்க வேண்டும், பிரேக் கொஞ்சம் திறக்க வேண்டும், மாடல் லேசாக வட்டமடிக்க வேண்டும். மோட்டார் பிளேடைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்து இதைக் கண்ணால் பாருங்கள். ரேஞ்ச் செக்கில், கம்பெனி சொன்ன தூரத்தில் நண்பர் மாடலை இடுப்பு உயரத்தில் பிடித்து எல்லாப் பக்கமும் திருப்ப வேண்டும், நீங்கள் ஸ்டிக்கை விடாமல் அசைக்க வேண்டும், மோட்டார் மாடல் என்றால் பிளேடைத் திரும்ப மாட்டி, நண்பரின் கை, முகம், சட்டை எதுவும் அதன் சுற்றில் இல்லாதபடி பிடிக்கச் சொல்லி, மோட்டார் ஓடும்போதும் ஒருமுறை. ஏதாவது ஒரு திசையில் சர்வோ தயங்கினால் ஆன்டெனாவை மாற்றி வைத்து மறுபடியும் முதலிலிருந்து. எல்லாம் திருப்தியான பிறகு மாடல் ஃபைலை கம்ப்யூட்டரில் தேதியோடு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் எண்களில் கை வையுங்கள்.